காய்கிற வரைக்கும் பேசக்கூடாது

பேசக்கூடாது என்று ஜெஸிந்தா சொன்ன பிறகுதான் நாகஜோதிக்குப் பேச்சு முட்டிக்கொண்டு வந்தது. அதுவரைக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஜெஸிந்தாவின் அழகு நிலையத்துக்கு மாடிப்படி ஏறி, செருப்பைக் கழற்றி, சுவரில் இருந்த கண்ணாடிகள் எல்லாவற்றிலும் தன் முகமே தெரிந்ததில் கூசிப்போய், சாயும் நாற்காலியில் பாதி உடம்பை மட்டும் வைத்து உட்கார்ந்தவள் அவள். "ஃபேசியல் கோல்டா, டைமண்டா, சாதாவாக்கா?" என்ற கேள்விக்குக்கூட "கோல்டு" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டவள். இப்போது முகம் முழுக்கக் குளுகுளுவென்று எதையோ பூசி, இரண்டு கண்ணிலும் வெள்ளரிக்காய் வில்லையை வைத்து, "காயிற வரைக்கும் பேசக் கூடாதுக்கா, சிரிக்கவும் கூடாது. வெடிச்சிருச்சுன்னா கோடு கோடா நின்னுக்கிரும், கோல்டு போட்டதுக்கே அர்த்தம் இல்லாமப் போயிரும்" என்று ஜெஸிந்தா சொல்லிவிட்டு நகர்ந்ததும், எங்கிருந்துதான் வந்ததோ, அத்தனை பேச்சும் கிளம்பி வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது. இதில் தங்கம் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். தங்கத்தை முகத்தில் பூசினால் கழுவும்போது சாக்கடையில் போய்விடாதா என்று கேட்க வேண்டும். இந்தச் செல்லூரில் எத்தனை பேர் தங்கத்தைச் சாக்கடையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள் என்று நினைத்ததும் உதட்டோரம் துடித்தது. சும்மா இரு கழுதை என்று உதட்டை அதட்டினாள். நல்லவேளை, கண் தெரியவில்லை. கண் தெரியாவிட்டால் நாகஜோதிக்குப் பயமில்லை. அவளுடைய நல்ல காரியங்கள் எல்லாம் இருட்டில் நடந்தவைதான்.

போர்வை இருட்டு. மத்தியானத்தில், ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, கம்பளிப் போர்வையைத் தலையோடு இழுத்து மூடி, உள்ளே போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் வெளிச்சத்தம் அண்டாது. அந்தப் புழுக்கத்தில் வேர்த்து ஊற்ற ஊற்ற அவள் பேசியவைதான் இன்றைக்கு மதுரை முழுக்கக் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டிகளின் தலையில் கட்டிய ஒலிபெருக்கியில் தெருத்தெருவாகப் போகின்றன. வெங்காயம் விற்கிறாள். உப்பு விற்கிறாள். பழைய இரும்பு எடுக்கிறாள். இத்தனைக்கும் அவள் காஜா பாயின் செல்போன் கடையில் ரீசார்ஜ் போட்டுக் கொடுக்கிற வேலைக்குப் போனவள். கடையில் வண்டிக்காரர்களுக்கு அறிவிப்புப் பேசிப் பதிந்து கொடுக்கும் ஆள் ஒருவர் இருந்தார், கணீரென்ற குரல். ஒருநாள் அவர் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் வெங்காய வண்டிக்காரர் ஒருவர் வந்து, இப்போதே வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "நீதாம்மா எல்லாரு மாதிரியும் பேசிக் காட்டுவியே, பேசிவிடேன்" என்றார் காஜா பாய். அவ்வளவுதான், ஆரம்பம் அதுதான். யாரும் அவளிடம் நீ கலைஞி என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. போர்வைக்குள்ளே போனாள், வெளியே வந்தாள், அவ்வளவே. ஆனால் உள்ளே இருந்தபோது எப்படி இருந்தது? அதைச் சொல்லத் தெரியவில்லை. இந்தா, இப்போது இருக்கிறதே, கண்ணை மூடி வைத்திருக்கையில் நெஞ்சுக்குள் ஒரு ஆள் கூடுதலாக உட்கார்ந்திருக்கிற மாதிரி, அப்படித்தான் இருந்தது.

நெற்றியில் இழுக்க ஆரம்பித்துவிட்டது. காய்கிறது போல. மூக்கு நுனி அரித்தது. சொறியலாமா? சொறிவது பேச்சில் சேராதுதான், ஆனாலும் வேண்டாம். நாலு மணிக்குப் போட்டோ எடுப்பார்கள். கீழ ஆவணி மூல வீதிப் பக்கம் புதிதாக எழும்பியிருக்கும் ஐந்து மாடி ஜவுளி, நகை மாளிகையில் அவளுக்கு வேலை. மாளிகைக்குள் எல்லா மாடியிலும் கேட்கிற குரல் அவளுடையதாக இருக்க வேண்டுமாம். விளம்பரத்துக்கும் அவளேதான். உட்கார்ந்து பார்க்கிற வேலை, ஏசி, மாதம் பிறந்தால் சம்பளம், வருடத்துக்கு இரண்டு பட்டுப்புடவை. வாசலில் ஆளுயரத்துக்கு அவள் படம், கீழே 'எங்கள் குரல்' என்று எழுதப்போகிறார்களாம். குரலுக்கு எதற்குப் படம் என்று நாகஜோதிக்கு விளங்கவில்லை. "முகம் கொஞ்சம் பிரைட்டா இருந்தா நல்லாருக்கும் மேடம்" என்று மேனேஜர் சொன்னதை வீட்டில் வந்து சொன்னபோது, அவள் கணவன் தவமணி அன்றைய ஷேர் ஆட்டோ வசூலைப் பையிலிருந்து அப்படியே எடுத்து அவள் கையில் திணித்து, "கோல்டே போட்டுக்க" என்றான். ஆட்டோ ஸ்டாண்டில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது வேறு. எம்பொண்டாட்டி படம் வாசல்ல நிக்கப்போகுது, போறப்ப வாறப்ப ஒரு கும்பிடு போட்டுட்டுப் போங்கடா. இவ்வளவையும் வேண்டாமென்று சொல்ல எந்தப் பைத்தியத்துக்கு மனசு வரும். வராது. வரவே வராது. பிறகு ஏன் இப்படித் தொண்டைக்குள் ஒரு சோற்றுப் பருக்கை மாட்டிக்கொண்ட மாதிரியே இருக்கிறது, நேற்றிலிருந்து.

அந்த நிபந்தனைதான். அதைத்தான் பருக்கை என்று மனசு பெயர் மாற்றி வைத்திருக்கிறது. மாளிகைக்குப் பேச வந்துவிட்டால் வேறு யாருக்கும் பேசக்கூடாது, அது சரி. தெருவில் ஓடுவதையும் நிறுத்தச் சொல்லி வண்டிக்காரர்களிடம் சொல்லிவிட வேண்டும். "ஒரே குரல் மேல வைர நெக்லஸும் விக்குது, கீழ வெங்காயமும் விக்குதுன்னா எங்களுக்கு ஒரு மாதிரி ஆயிரும்ல மேடம்" என்றான் அந்த மேனேஜர் பிள்ளை. தப்பாகச் சொல்லவில்லை. நல்ல பிள்ளைதான், காபி வாங்கிக் கொடுத்தான். அவள் பேசிக் காட்டியதைக் கேட்டுவிட்டு, "வாய்ஸ் சூப்பரா இருக்கு. ஆனா அந்த மதுரைய மட்டும் கொஞ்சம் எடுத்துருங்க" என்றும் சொன்னான். மதுரையை எங்கே என்று எடுப்பது? நாக்குக்கு அடியிலா இருக்கிறது, துப்பிவிட? ஆனால் எடுத்துவிட்டாளே, அதுதான் விஷயம். இரண்டாவது தடவையிலேயே எடுத்துவிட்டாள். அன்பான வாடிக்கையாளர்களே, தங்கள் இல்லத்துச் சுபநிகழ்ச்சிகளுக்கு. மாளிகையில் அவளைப் பேசவைத்த அறையின் பெரிய ஸ்பீக்கரில் அதைத் திருப்பிப் போட்டுக் காட்டினார்கள். தேனில் முக்கி எடுத்தது போல, அத்தனை அழகு. யாரோ ஒரு சீமாட்டி. அவள் வாழ்க்கையில் ஒருநாளும் சட்டி கழுவியதில்லை, யாரையும் வைததில்லை. நாகஜோதி கை தானாகப் போய்த் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தது. பயமாக இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு போட்டு வைத்துவிட்டு "சாப்பிட வாங்க" என்றபோது, தவமணி அவளைத் தாண்டி வாசலைப் பார்த்து, "யாரு வந்திருக்கா?" என்றான்.

விளையாட்டுக்குத்தான் கேட்டானா, நிஜமாகவே கேட்டானா. அவன் முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. இதே கேள்வியை அம்மா வேறு மாதிரி கேட்டிருக்கிறாள். தபால்காரர் பேசுகிற மாதிரி, ரேஷன் கடைக்காரர் எரிந்து விழுகிற மாதிரி, தலைமையாசிரியை மூக்கால் பாடுகிற மாதிரி நாகஜோதி வீட்டில் நடித்துக் காட்டும்போதெல்லாம் அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்குன்னு ஒரு குரல் கெடையாதாடி?" என்பாள். அம்மா அதை ஒரு கேள்வியாகவே நினைத்திருக்க மாட்டாள். இவள்தான் அதை இடுப்பில் முடிந்துகொண்டு முப்பது வருடமாகத் திரிகிறாள். வெங்காயக்காரி ஒரு ஆள்: அவசரக்காரி, வாய்த்துடுக்கு, 'பாக்குறதுக்குக் காசு கெடையாது, வந்து பாருங்கக்கா' என்பாள். உப்புக்காரி வேறு ஆள்: 'அவசரமில்ல தாயி, மெதுவா வாங்க, நான் தெருமுனை வரைக்கும் போயிட்டுத்தான் திரும்புவேன்' என்று நிதானமாகச் சொல்கிறவள், கொஞ்சம் முழங்கால் வலி உண்டு. பழைய இரும்புக்காரிதான் எல்லாரிலும் பொல்லாதவள். 'ஓடாத பேன், எரியாத அடுப்பு, வீட்டுக்காரர் நான் சரி பண்ணுறேன்னு கழட்டிப் போட்ட மிக்ஸி, எல்லாம் எடுத்துக்கிறோம். வீட்டுக்காரர மட்டும் எடுக்கிறதில்ல.' இவர்கள் யாரையும் நாகஜோதி எங்கும் பார்த்ததில்லை. போர்வைக்குள்ளே போனால் இருப்பார்கள். இதில் நான் யார்? போன வாரம் நாலாவதாக அந்தச் சீமாட்டியும் வந்து சேர்ந்துகொண்டாள். வரட்டுமே, ஒரு ஆள் கூடத்தானே, உட்கார இடமா இல்லை. ஆனால் அவள் வந்ததும் மற்ற மூன்று பேரையும் எழுந்து போகச் சொல்கிறாள். அதுதான் ஆகவில்லை.

"அந்தப் புதுக் கடைக்குப் போனியா ஜெஸி? அஞ்சு மாடி. லிப்டுக்குள்ளகூட செண்டு வாசம் அடிக்குது" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. திலகவதி. உள்ளே வரும்போதே பார்த்தாள். தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, தோளில் பழைய துண்டோடு, பள்ளிக்கூட அதிகாரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அம்மாள். பின்னால் புதிதாக வந்திருக்கும் அடுக்குமாடியில் நாலாவது மாடியில் இருக்கிறாளாம், பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டிலாம், மருமகள் வளைகாப்புக்குப் பத்துப் பவுனில் வளையல் போடப்போகிறாளாம். ஐந்து நிமிடத்தில் அறையில் இருந்தவர்களுக்கு அவள் வீட்டு பீரோவின் உள்தட்டுவரை மனப்பாடமாகியிருந்தது. "போகணும்மா. பாக்குறதுக்காவது போகணும்" என்றாள் ஜெஸிந்தா. தொலைவில் எங்கோ ஒரு ஒலிபெருக்கி கரகரத்தது. தேங்காயோ தண்ணீர்க் குடமோ, ஆண் குரல். "இந்தா ஆரம்பிச்சுட்டாங்ய. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இதே ரோதன. காதுல ஈயத்தக் காச்சி ஊத்துறானுக. போலீஸ்ல சொல்லி எல்லா மைக்கையும் புடுங்கணும்" என்றாள் திலகவதி. பூச்சுக்கு அடியில் நாகஜோதியின் முகம் சூடானது. ஆமாம், ரோதனைதான். யாரும் கேட்டா வந்தது? தூங்குகிற பிள்ளை எழும், படிக்கிற பிள்ளை எரிச்சல்படும், சாவு வீட்டு வாசலிலும் அவள் குரல் வெங்காயம் விற்றுக்கொண்டு போகும். இத்தனை நாளும் இதை நினைத்ததே இல்லையே. மாளிகைக்குள் பேசினால் கேட்க வந்தவர்கள் மட்டும் கேட்பார்கள். கதவு மூடியிருக்கும். அது எவ்வளவு மரியாதை. மடியில் போன் கிர்ரென்று நடுங்கியது. மேனேஜராகத்தான் இருக்கும், நாலு மணிக்கு வருகிறீர்களா என்று உறுதி கேட்பான். பேச முடியாதப்பா, நான் காய்ந்துகொண்டிருக்கிறேன். போன் நடுங்கி நடுங்கி ஓய்ந்தது.

போகலாம். போய்விடலாம். தெருக்குரல் நின்றால் தெரு செத்தா போகும். அவள் வருவதற்கு முன்னாலும் வெங்காயம் விற்றார்கள். அந்தக் கணீர்க் குரல்காரர் இருக்கிறார், இப்போது கம்ப்யூட்டரே பேசுகிறது என்று காஜா பாய் காட்டினார். எழுதிக் கொடுத்தால் ஒரு பெண் குரல் தப்பில்லாமல் ஒப்பிக்கிறது. அதற்கு மூச்சு வாங்காது. அதற்குப் பால் பொங்காது. பால் என்றதும் மறுபடியும் வயிற்றில் அந்தச் சிரிப்பு புரண்டது. வேண்டாம், இதை நினைக்காதே, சிரிப்பு வந்துவிடும். நினைக்காதே என்றால் மனசு கேட்கிறதா. முதல் வெங்காயப் பதிவைக் கடையில் இரைச்சல் தாங்காமல் வீட்டில் வந்து பதிந்தாள், அந்தப் போர்வைக்குள். அடுப்பில் பாலை வைத்தது மறந்து போயிற்று. பாதிப் பேச்சில் வாசம் வருகிறது. பேச்சை நிறுத்தினால் முதலிலிருந்து பேச வேண்டும். அதனால் அதே மூச்சில், போர்வைக்குள்ளிருந்தே, "ஏங்க, பால் பொங்குது, அணைங்க" என்றாள். கூடத்திலிருந்து, "ஆங், வர்றேன்" என்றான் தவமணி. அதற்குப் பிறகு ஒரு ஸ்ஸ்ஸ். அதற்குப் பிறகு, தோட்டத்து வெங்காயம் அக்கா, ஈரம் கெடையாது. வெட்டி எறிந்துவிடுவார் என்று நினைத்துக் காஜா பாயிடம் கொடுத்தாள். அவர் வெட்டத் தெரியாமலா, கேட்காமலா, அப்படியே வண்டிக்காரரின் மெமரி கார்டில் ஏற்றிவிட்டார். மறுநாள் வண்டிக்காரர் கடைக்கு வந்து நின்றபோது சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நாகஜோதி கவுண்டருக்குக் கீழே குனிந்துகொண்டாள். "தெருவுல ஒரு பொம்பள பாக்கி இல்லம்மா, எல்லாரும் அடுப்பப் பாக்க ஓடுறாங்க. ஓடிட்டு, வண்டிதான் பேசுச்சுன்னு தெரிஞ்சதும் சிரிச்சுக்கிட்டே வெளிய வர்றாங்க. சிரிச்ச மொகத்தோட வந்தவங்க வாங்காமயா போவாங்க?" என்றார் அவர். அதற்குப் பிறகு எல்லா வண்டிக்காரருக்கும் அந்தப் பால் வேண்டும். நாகஜோதிக்கும் அதன் பிறகுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. விற்பதற்குத் தேவையே இல்லாத ஏதாவது ஒன்று உள்ளே இருக்க வேண்டும். உப்புக்காரி நடுவில், "ஸ்... கொஞ்சம் உக்காந்துக்கிறேன்" என்பாள். இரும்புக்காரி ஒரு தும்மல் போட்டு, தனக்குத்தானே நூறு சொல்லிக்கொள்வாள். அந்த இடங்கள் வரும்போதுதான் போர்வைக்குள் அவளுக்கு உடம்பு சிலிர்க்கும். அது சந்தோஷம். வேறு பேர் அதற்கு இல்லை.

தவமணிக்கு ஸ்டாண்டில் 'ஆங் வர்றேன்' என்றே பேராகிவிட்டது. டேய் ஆங் வர்றேன், சவாரி நிக்குதுடா. கோபப்படுகிற மாதிரி இருப்பான். ஆனால் வெங்காய வண்டி பக்கத்தில் போனால் ஆட்டோவை ஓரங்கட்டி, அவன் பங்கு வருகிற வரைக்கும் நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்வான் என்று கூட ஓட்டுகிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நேற்றுச் சாப்பாட்டில் கருவேப்பிலையைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "அப்ப நீ அங்க போயிட்டா, எம் பேச்சும் நின்னுரும்ல" என்றான். உடனே, "சரி, நின்னா நின்னுட்டுப் போகுது, ரசத்த ஊத்து" என்றான். அவள் ரசத்தை ஊற்றினாள். இந்தா, இதுதான் அந்தப் பருக்கை. நிபந்தனைகூட இல்லை. ஒரு மனுசன் அவன் ஆயுசில் உலகத்துக்குச் சொன்னது ஒரே ஒரு வார்த்தை, அதையும் அவள் கையால் அழிக்க வேண்டியிருக்கிறது. அழித்துவிட்டுப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் படமாக நிற்க வேண்டியிருக்கிறது. கன்னம் இரண்டும் காய்ந்து மேலே இழுத்துக் கட்டிய மாதிரி இருந்தது. அழுகை வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். அழக்கூடாது என்று ஜெஸிந்தா சொல்லவில்லை. ஆனால் வந்தது அழுகை இல்லை, வாசம். பால் காய்கிற வாசம். முதலில் மனசுக்குள்தான் அடிக்கிறது என்று நினைத்தாள். இல்லை, நிஜமாகவே திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வந்தது. தான் வந்தவுடனே, "இருங்க, எல்லாருக்கும் டீயப் போடுறேன்" என்று சொல்லிக்கொண்டு ஜெஸிந்தா உள்ளே போய்வந்தது ஞாபகம் வந்தது. இப்போது அவள் திலகவதியின் தலையில் சீப்போடு நிற்கிறாள், வளையல் கதை கேட்கிறாள். சொல்ல வேண்டும். வாயைத் திறக்கக்கூடாது. கையை ஆட்டலாம் என்று கையைத் தூக்கினாள். "கை வலிக்குதாக்கா? இந்தா ஆயிருச்சு, இன்னும் கொஞ்சந்தான்" என்றாள் ஜெஸிந்தா. கையை இறக்கிக்கொண்டாள். அந்த நேரத்தில்தான் தெருமுனையில் குட்டி யானை திரும்புகிற சத்தம் கேட்டது.

அக்கா, வெங்காயம் வந்திருக்கு. சின்னது இருக்கு, பெருசு இருக்கு. பாக்குறதுக்குக் காசு கெடையாது, வந்து பாருங்க. நாகஜோதியின் குரல்தான். தன் குரலை இப்படி அசையாமல், கட்டிப்போட்டது போலக் கிடந்து அவள் என்றைக்கும் கேட்டதில்லை. தெருவில் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்துவிடுவாள். இப்போது எங்கே நடப்பது. குரல் பக்கத்து வீட்டைத் தாண்டியது, மாடிக்குக் கீழே வந்தது. உரிச்சாத்தான் அழுக வரும், வெலயக் கேட்டா வராது. நன்றாகத்தான் இருக்கிறது இந்தப் பொம்பளை பேசுவது. கொழுப்புதான், ஆனாலும் நன்றாகத்தான் இருக்கிறது. ஏங்க, பால் பொங்குது, அணைங்க. சீப்பு தரையில் விழுந்தது. ஜெஸிந்தா ஓடுகிறாள், திரைச்சீலை வளையங்கள் கம்பியில் சரசரக்கின்றன, அடுப்புத் திருகு டக்கென்று மூடுகிறது. ஆங், வர்றேன் என்றான் தவமணி, தெரு முழுக்க. "காப்பாத்துனா மகராசி" என்று உள்ளேயிருந்து ஜெஸிந்தா சொன்னாள். "விளிம்புக்கு வந்துருச்சும்மா. இவ சொல்லாட்டி அடுப்பெல்லாம் பாலாகியிருக்கும். தெனமும் வண்டிதான்னு தெரிஞ்சேதான் ஓடுவேன், இன்னைக்கு நெசமாவே பொங்குது." நாகஜோதியின் வயிற்றில் அந்தச் சிரிப்பு எழுந்து உட்கார்ந்தது. உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்தது. படு, படு என்று அதைக் கெஞ்சினாள்.

"மைக்கப் புடுங்கணும்னு சொன்னேன்ல, இவளச் சொல்லல நான்" என்றாள் திலகவதி. குரலில் அந்த அதிகாரி இல்லை. "இவ வந்தா நான் பால்கனிக்கு வந்துருவேன். வெங்காயம் எனக்கெதுக்கு, ஒருத்திக்கு எத்தன கிலோ வேணும். இவ வீட்டுச் சத்தத்தக் கேக்கத்தான் வர்றது. எங்க வீட்ல 'ஏங்க'ன்னு கூப்புட ஆள் போயி நாலு வருசமாச்சு." வண்டி கீழேயே நின்றுவிட்டது, யாரோ வாங்குகிறார்கள். "ஒண்ணே ஒண்ணுதான் ஜெஸி எனக்கு மண்டையக் கொடையுது. 'ஆங், வர்றேன்'ங்கிறான்ல அந்த ஆளு, அதுக்கப்புறம் ஒரு சத்தமும் இல்ல, வெங்காயத்துக்குப் போயிருறா. அவன் வந்தானா இல்லையா? படுத்தா இதே ரோசனதான். வந்து அணைச்சானா, பாலு போச்சா?" என்றாள். ஜெஸிந்தா யோசித்தாள். "வந்திருப்பாரும்மா. கொரலக் கேட்டா நல்ல மனுசன் மாதிரிதான் தெரியுது" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் நாகஜோதியால் முடியவில்லை. சிரிப்பு தொண்டைக்கு வந்தது, பல்லைத் தள்ளியது, கன்னத்தில் சடசடவென்று வெடித்தது. தங்கமோ களிமண்ணோ பொருக்குப் பொருக்காகப் புடவையில் கொட்டியது. ஒரு வெள்ளரிக்காய் கழுத்துக்குள் போய்விட்டது.

"வரல" என்றாள் நாகஜோதி. "வரலக்கா. எங்க வந்தாரு? 'ஆங் வர்றேன்'னாருன்னா வர மாட்டாருன்னு அர்த்தம். அந்த ஸ்ஸ்ஸுன்னு லேசா ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, அதான் பாலு. அடுப்பு, மேட, தர எல்லாம் பாலு. வெங்காயம் வித்து முடிச்சுட்டு நாந்தான் தொடச்சேன்." சொல்லி முடித்த பிறகுதான் மிச்சமிருந்த வெள்ளரிக்காயை எடுத்தாள். தலையில் சாயம் வழிய வழியத் திலகவதி பாதி எழுந்து நின்றிருந்தாள். ஜெஸிந்தாவின் கையில் பால் பாத்திரம். இரண்டு பேரும் வெடித்துப்போன அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் வாயைப் பார்த்தார்கள். "நீயா?" என்றாள் திலகவதி. "நீயாடி அது?" நாகஜோதிக்கு ஆமாம் என்று சொல்ல வேண்டும் போலவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள், அதிலும் கொஞ்சம் தங்கம் கொட்டியது. மடியில் போன் மறுபடி நடுங்கியது. எடுத்தாள். "மேடம், நாலு மணிக்கு வந்துருவீங்கள்ல? போட்டோகிராபர் வந்துட்டாரு" என்றது அந்த நல்ல பிள்ளையின் குரல். வாயைத் திறக்கும்போது சீமாட்டி வருவாளா, இரும்புக்காரி வருவாளா என்று ஒரு கணம் அவளுக்கே தெரியவில்லை. "வரல சார்" என்றாள். சற்று முன் திலகவதிக்குச் சொன்ன அதே வரல, அதே குரல். இப்போது யாரும் உள்ளே வந்து அதைப் பேசிக் கொடுக்கவில்லை என்று பேசிய பிறகுதான் கவனித்தாள். "கோச்சுக்காதீங்க. வேற நல்ல ஆளாப் பாருங்க, நெறையப் பேர் இருக்காங்க. நான் வெங்காயம் வித்துக்கிறேன்." அவன் ஏதோ சொன்னான், சம்பளத்தைக் கூட்டித் தருவதாகச் சொன்னான் போல. போனை வைத்த பிறகு பயம் வரும் என்று காத்துப் பார்த்தாள். வந்தது, கொஞ்சம்போல. தவமணியிடம் என்ன சொல்வது. சொன்னால் 'ஆங், சரி' என்பான், தலையைக் குனிந்துகொண்டு கருவேப்பிலை பொறுக்குவான், சிரிப்பு தெரியக்கூடாதென்று.

கீழே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. "அய்யோ, போறான், எனக்கு வெங்காயம் வேணும்" என்றாள் திலகவதி, வாழ்நாளில் முதல் தடவையாக வெங்காயம் வேண்டியவள் போல. தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அவள் தயங்குவதற்குள் நாகஜோதி எழுந்துவிட்டாள். கழுத்தில் துண்டோடும், மழை காணாத கண்மாய் மாதிரி வெடித்த முகத்தோடும் பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். வண்டிக்காரன் அவளுக்குத் தெரியாத ஆள். யாரிடமோ காப்பியடித்து வாங்கிய கார்டாக இருக்கும். "அண்ணே, வண்டிய நிறுத்துங்கண்ணே, மாடிக்கு ரெண்டு கிலோ போடுங்க" என்றாள், போர்வை இல்லாமல், முழு வெயிலில். அவன் சட்டென்று பிரேக்கைப் போட்டான். தலையை வெளியே நீட்டி, முதலில் வண்டி மேலே இருந்த ஒலிபெருக்கியைப் பார்த்தான்.